ஊராட்சிக்கு டெல்லியிலிருந்து வரும் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு சின்ன ஊராட்சி எங்களுடையது. 2020 முதல் 2025 வரை வார்டு உறுப்பினராக இருந்தேன். அந்த ஐந்து வருடமும், அதற்குப் பிறகும், டீக்கடையிலும் கிராம சபையிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்தான் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே போட்டிருக்கிறேன்.

டெல்லிக்காரன் எங்க ஊருக்கு எதுக்குப் பணம் குடுக்கணும்?

வேலை கீழே இருக்கிறது, வரி மேலே இருக்கிறது. அதனால்தான். குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, ஊருக்குள் போகிற ரோடு எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. ஆனால் வருமான வரியும் சுங்க வரியும் ஒன்றிய அரசிடம் போகின்றன. ஜிஎஸ்டியை ஒன்றியமும் மாநிலமும் எடுத்துக்கொள்கின்றன. ஊராட்சிக்கென்று மிஞ்சுவது வீட்டு வரி, தொழில் வரி, தண்ணீர்க் கட்டணம், சில குத்தகைகள். இதை வைத்து ஒரு ஊரை நடத்த முடியாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் அரசமைப்புச் சட்டத்தின் 280-வது பிரிவில் நிதி ஆணையம் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைப்பார்கள். முதலில் ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் நடுவே பங்கு பிரிப்பது மட்டும்தான் அதன் வேலை. 1993 ஏப்ரல் 24-ல் 73-வது திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, ஊராட்சிகளுக்கு எப்படிப் பணம் சேர்ப்பது என்றும் ஆணையம் சொல்லியாக வேண்டும் என்றானது. அதே வருடம் 74-வது திருத்தம் நகரங்களுக்கும் இதைச் செய்தது. எனவே இந்தப் பணம் யாருடைய தயவும் இல்லை. நாம் வாங்குகிற சோப்பிலும் டீசலிலும் கட்டிய வரியில் ஒரு பங்கு, சட்டப்படி திரும்பி வருகிறது. "தலைவர் போட்ட ரோடு" என்று பேனர் வைக்கிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதைச் சொல்லத் தோன்றும்.

இது எப்போ ஆரம்பிச்சது?

பத்தாவது நிதி ஆணையம்தான் முதலில் கொடுத்தது. 1971 மக்கள்தொகையை வைத்துத் தலைக்கு 100 ரூபாய், நாடு முழுவதற்கும் சுமார் 4,381 கோடி. ஒய்.வி. ரெட்டி தலைமையிலான 14-வது ஆணையம் 2015 முதல் 2020 வரை கிராம ஊராட்சிகளுக்கு மட்டும் 2,00,292 கோடி பரிந்துரைத்தது. என்.கே. சிங் தலைமையிலான 15-வது ஆணையம் 2020-21-க்கு 60,750 கோடியும், அடுத்த ஐந்து வருடங்களுக்கு 2,36,805 கோடியும் ஊரக உள்ளாட்சிகளுக்கு என்று சொன்னது. இந்த முறை ஊராட்சி ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் பங்கு உண்டு. 2026 ஏப்ரலிலிருந்து அரவிந்த் பனகாரியா தலைமையிலான 16-வது ஆணையத்தின் காலம். நான் கீழே சொல்கிற கணக்கும் விதிகளும் 15-வது ஆணையத்தினுடையவை. எங்கள் கையில் ஓடிய பணம் அதுதான்.

கோடி கோடின்னு சொல்றீங்க, எங்க ஊருக்கு எவ்வளவு?

ஒரு வருடத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம். 2021-22-ல் தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிக்கு ஒதுக்கியது 2,666 கோடி. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தவர்கள் சுமார் 3 கோடியே 72 லட்சம் பேர். வகுத்தால் தலைக்கு ஏறக்குறைய 717 ரூபாய். வருடத்துக்கு. அதாவது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 ரூபாய்கூட முழுதாக இல்லை.

3,000 பேர் உள்ள ஊராட்சி என்றால் 21.5 லட்சம் வரும். அதில் 70-லிருந்து 85 சதவீதம் வரை கிராம ஊராட்சிக்கும், மீதி ஊராட்சி ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் போக வேண்டும் என்பது விதி. ஆக ஊர்க் கணக்கில் விழுவது 15 முதல் 18 லட்சம். ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஏனென்றால் மாநிலத்துக்குள் பிரிப்பது மாநில நிதி ஆணையத்தின் அளவுகோல்படி. ஆனாலும் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "கோடிக்கணக்கில் வருது, எல்லாத்தையும் சாப்பிட்டுட்டாங்க" என்று பேசுவதும் தப்பு, "பணமே வரல" என்று கையை விரிப்பதும் தப்பு.

தமிழ்நாடு கட்டுற வரிக்கு இது நியாயமான பங்கா?

இரண்டு பணத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 15-வது ஆணையத்தின் 2021-26 கணக்குப்படி ஒன்றிய வரிகளில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போனது, அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். செஸ், சர்சார்ஜ் என்று வரிக்கு மேல் கூடுதலாக வசூலிப்பது இந்தப் பங்கீட்டுக்குள்ளேயே வராது. இதெல்லாம் மாநில அரசு கேட்க வேண்டிய நியாயம், கேட்டுக்கொண்டும் இருக்கிறது. உள்ளாட்சி மானியம் இதற்கு வெளியே தனியாக வருவது. அதை மாநிலங்களுக்கிடையே பிரிக்கும்போது மக்கள்தொகைக்கு 90 சதவீத எடை, பரப்பளவுக்கு 10 சதவீதம். யார் எவ்வளவு வரி கட்டினார்கள் என்று பார்ப்பதில்லை. வறண்ட மாநிலத்துக் கிராமத்துக்கும் தண்ணீர் வேண்டும் என்பதால் எனக்கு இதில் குறை இல்லை.

டைடு, அன்டைடுன்னு பிடிஓ ஆபீஸ்ல சொல்றாங்களே, என்ன அது?

இந்தக் கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பாதிச் சண்டை இதில்தான். (பிடிஓ என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர்.)

15-வது ஆணையக் காலத்தில் (2021-26) வந்த பணத்தில் 60 சதவீதம் டைடு, அதாவது இன்னதற்குத்தான் செலவு செய்ய வேண்டும் என்று கட்டிப்போட்டது. அதில் பாதி குடிதண்ணீர், மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர் மறுபயன்பாட்டுக்கு. மறுபாதி சுகாதாரத்துக்கு, குப்பை மேலாண்மைக்கு. மீதி 40 சதவீதம் அன்டைடு. ஊரின் தேவைக்கு ஏற்ப ரோடு, விளக்கு, சுடுகாட்டுப் பாதை என்று எதற்கும் போடலாம். சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மட்டும் தொடக் கூடாது. 2020-21-ல் இது பாதிக்குப் பாதியாக இருந்தது, பிறகுதான் கட்டு இறுகியது.

இன்னொரு கட்டும் உண்டு. செலவு செய்கிற ஒவ்வொரு வேலையும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இருக்க வேண்டும். அந்தத் திட்டம் 'இ-கிராம் ஸ்வராஜ்' தளத்தில் ஏறியிருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் தொடங்கிய தளம் அது. அதில் இல்லாத வேலைக்கு அதன் வழியே பணம் போகாது.

ஒரு அக்டோபர் 2, கிராம சபை. வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருந்தோம். ஊராட்சி செயலர் வரவு செலவு வாசித்துக்கொண்டிருந்தார். காலனித் தெருவிலிருந்து ஒரு அக்கா எழுந்து, "தம்பி, நீ படிக்கிறதெல்லாம் இருக்கட்டும். எங்க தெரு மோட்டார் காயில் எரிஞ்சு ஒம்பது நாளாச்சு. கணக்குல பணம் இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றார். செயலர் நேர்மையான ஆள். "இருக்கும்மா. டைடு கிராண்டுல மூணு லட்சம் இருக்கு. ஆனா திட்டத்துல புது பைப்லைன்னுதான் போட்டிருக்கோம். மோட்டார் ரிப்பேர்னு ஒரு வரி போடல" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. கணக்கில் பணம் இருந்தும் தெருவில் தண்ணீர் இல்லை. முந்தின வருடம் திட்டம் எழுதியபோது அந்த மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். எங்கள் யாருக்கும் அந்த ஒரு வரி தோன்றவில்லை. கடைசியில் ஊராட்சியின் பொது நிதியிலிருந்து காயில் கட்டிப் போட்டோம், அதற்கு இன்னும் நான்கு நாள் ஆனது.

குடிநீர்ப் பராமரிப்புக்கு டைடு பணத்தைத் தாராளமாகச் செலவு செய்யலாம், விதி தடுக்கவில்லை. திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான். மோட்டார், வால்வு, ஸ்டார்ட்டர், தொட்டி கழுவுதல் எல்லாவற்றுக்கும் பராமரிப்பு என்று தனி வரி போட வையுங்கள். புது வேலைக்குக் கல்வெட்டு உண்டு, ரிப்பேருக்குக் கிடையாது. அதனால் ரிப்பேர் திட்டத்தில் தானாக ஏறாது, நாம்தான் ஏற்ற வேண்டும்.

சரி, தண்ணிக்கும் ரோட்டுக்கும் போற பணத்துல ஊர்ப் பொருளாதாரம் எப்படி வளரும்?

எங்கள் தோட்டங்களிலிருந்து தக்காளியும் முருங்கைக்காயும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகின்றன, அங்கிருந்து கேரளாவுக்கு. மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு சுமார் 400 மீட்டர் வண்டிப்பாதை. மழை பெய்தால் மினி வேன் உள்ளே வராது. பெட்டியைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து ரோட்டில் அடுக்க வேண்டும். சுமைகூலி தனி, தாமதத்தில் காய் அடிபட்டு விலை இறங்குவது தனி. அன்டைடு பணத்தில் அந்தப் பாதைக்கு சிமெண்ட் ரோடு போட்டோம். இப்போது வேன் பாத்தி ஓரம் வரை வருகிறது. யாருக்கும் கையில் பணம் கொடுக்கவில்லை, ஆனால் பெட்டிக்குப் பெட்டி சம்சாரி கையில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது.

தண்ணீரும் அப்படித்தான். காய் பறிக்கப் போகிறவர்கள் விடியற்காலை வேன் ஏற வேண்டும். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாவிட்டால் வீட்டுக்கு ஒரு பெண் குடத்தோடு காத்திருப்பார். அன்றைய கூலி போயிற்று. நேரத்துக்குத் தண்ணீர் விட்டால் அந்தக் கூலி வீட்டுக்கு வருகிறது.

அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நாலு ஊர் ஆடும் நாலு ஊர் பணமும் கைமாறுகிற இடம். அப்படி ஒரு இடத்துக்கு உள்ளாட்சி செய்ய வேண்டியது தரை, விளக்கு, தண்ணீர், கழிப்பறை. செய்து கொடுத்தால் வியாபாரம் தானாக நடக்கும், சந்தைக் குத்தகையில் உள்ளாட்சிக்கும் வருமானம்.

வேலை நடக்கும்போதே ஒரு சுற்று உண்டு. கொத்தனார் பக்கத்து ஊர், சித்தாள் நம் ஊர், ஹாலோ பிளாக் ரோட்டோரப் பட்டறை, பைப் டவுன் கடை. வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து உள்ளூர் ஆட்களிடம் கொடுத்தால் பணம் இரண்டு மூன்று கை மாறித்தான் வெளியே போகும். பல ஊர் வேலையை ஒன்றாகக் கட்டி வெளி ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தால் ஆட்களும் ஜல்லியும் வெளியிலிருந்தே வருகின்றன, கூலியும் அவர்களோடேயே போய்விடுகிறது. ஒரே தொகைதான், ஆனால் ஊருக்கு மிஞ்சுவது ஒரே அளவு இல்லை.

அதற்காக இந்தப் பணம் தொழிற்சாலையைக் கொண்டுவரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வருடம் 17 லட்சத்தில் அது நடக்காது. உழைக்கிறவர்களுக்கு வழியில் இருக்கிற முள்ளை எடுத்துப் போட இந்தப் பணம் போதும்.

தேர்தல் நடக்கலைன்னா பணம் நிக்குமாமே?

நிற்கும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உள்ள உள்ளாட்சிக்குத்தான் இந்த மானியம். தமிழ்நாட்டுக்கு இது பட்ட காயம். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் வழக்கில் நின்று, ஊரகத்தில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர். நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. இடைப்பட்ட காலத்தில் மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. மேலே போட்ட தலைக்கு 717 ரூபாய் அதற்குப் பிந்தின வருடத்துக் கணக்கு, ஆனாலும் இந்தப் பணம் நின்றால் ஒரு கிராமத்துக்கு எவ்வளவு பெரிய அடி என்று அதை வைத்தே யூகிக்கலாம்.

2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட எங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அடுத்த நாளிலிருந்து தனி அலுவலர் பொறுப்பு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒரு பிடிஓ கையில் அத்தனை ஊராட்சிகளையும் கொடுத்தால், ஒரு தெருவில் காயில் எரிந்தது அவருக்கு எப்படித் தெரியும்? தேர்தல் தள்ளிப்போவதை அரசியல்வாதிகளின் பிரச்சினை என்று நினைக்கிறோம். அது நம் குழாயின் பிரச்சினை.

நூறு நாள் வேலைப் பணம் இதுல சேர்த்தியா?

இல்லை. அது தனிச் சட்டம், தனிக் கணக்கு. கூலி நேராகத் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போகும்.

டவுனுக்கு வேற கணக்கா?

ஆம். 15-வது ஆணையம் 2021-26-க்கு நகரங்களுக்கு 1,21,055 கோடி ஒதுக்கியது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரப் பகுதிகளுக்குத் தனி நிதி, அதில் மூன்றில் ஒரு பங்கு காற்றின் தரத்துக்கு. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி இதில் வருகின்றன. நகரங்களுக்கு ஒரு கடுமையான நிபந்தனையும் உண்டு: சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் வளர்ச்சி வேகத்துக்கு ஏற்ப வசூலும் கூட வேண்டும். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தபோது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. என் தங்கை திண்டுக்கல்லில் இருக்கிறாள். "உங்களுக்குப் பணம் வருது, எங்களுக்கு வரி வருது" என்றாள். அவளுடைய கோபம் புரிகிறது. ஆனால் சொந்த வருமானம் இல்லாத நகராட்சி சாக்கடை அடைப்பெடுக்கக்கூட மேலிடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பணம் வர்றதுக்கு வேற என்ன நிபந்தனை?

கணக்கு. முந்தின வருடத்தின் தற்காலிகக் கணக்கும், அதற்கு முந்தின வருடத்தின் தணிக்கை செய்த கணக்கும் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். ஒன்றிய அரசு மாநிலத்துக்கு விடுவித்த 10 வேலை நாளுக்குள் மாநிலம் உள்ளாட்சிக்குத் தர வேண்டும், தவறினால் வட்டியோடு தர வேண்டும். இந்த வட்டி விதி நல்ல விதி. பணத்தை நடுவில் வைத்துக்கொள்ளும் ஆசையை அது குறைக்கிறது.

மாநில அரசு ஒண்ணும் தர்றதில்லையா?

தருகிறது. 243-ஐ பிரிவின்படி ஐந்தாண்டுக்கு ஒரு மாநில நிதி ஆணையம் அமைக்க வேண்டும். தமிழ்நாடு இதில் ஒழுங்கான மாநிலம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்ற அளவு இங்கே இருக்கிறது. பல ஊராட்சிகளின் கரண்டு பில் கட்டப்படுவது இந்தப் பணத்தில்தான். ஆனால் கேரளத்தைப் பார்த்தால் எனக்கு ஏக்கம் வரும். 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் கொடுத்தார்கள். அதோடு எதற்குச் செலவு செய்வது என்று முடிவு செய்யும் அதிகாரத்தையும் கொடுத்தார்கள். நம்மிடம் 29 துறைகள் பதினொன்றாம் அட்டவணையில் எழுதப்பட்டிருக்கின்றன. பள்ளிக்கூடம், கால்நடை, சிறுதொழில் எல்லாம் அதில் உண்டு. நடப்பில் அதற்கான ஆளும் பணமும் துறைகளிடமே இருக்கின்றன.

மேல இருந்துதான் பணம் வருதே, அப்புறம் நான் எதுக்கு வீட்டு வரி கட்டணும்?

ஊராட்சிகளின் நிதி நிலை பற்றி ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி 2022-23-ல் நாட்டில் ஓர் ஊராட்சி சராசரியாகச் சொந்த வரியில் சம்பாதித்தது 21,000 ரூபாய். வரியல்லாத வருமானம் 73,000. ஒன்றிய அரசிடமிருந்து வந்தது சுமார் 17 லட்சம், மாநிலத்திடமிருந்து மூன்றேகால் லட்சம்.

மேலிருந்து வரும் 17 லட்சத்தில் பெரும்பகுதிக்கு டெல்லி வரி வரியாக நிபந்தனை எழுதியிருக்கிறது. அந்த 21,000-க்கு யாரும் நிபந்தனை போட முடியாது. எங்கள் ஊரில் காயில் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது? வீட்டு வரியும் தண்ணீர் வரியும் சேர்ந்த பொது நிதியிலிருந்து. இப்போது வீட்டிலிருந்தே செல்போனில் கட்டலாம், ரசீதும் உடனே வரும்.

எங்க ஊர்க் கணக்க நானே பாக்க முடியுமா?

முடியும். இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் வருடவாரியாகத் திட்டம், வரவு, செலவு தெரியும். பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பதும் தெருவில் இருப்பதும் பொருந்தவில்லை என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வேலையின் மதிப்பீடும், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகலும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். சண்டைக்காரனாகப் போகாதீர்கள். நான் பார்த்தவரை, மரியாதையாகக் கேட்கிறவருக்கு செயலர் பீரோவைத் திறந்து பதிவேட்டையே காட்டிவிடுவார்.

கிராம சபையில நாலு பேர் போய்ப் பேசி என்ன ஆகப்போகுது?

நாலு பேர் போனால் ஒன்றும் ஆகாது, கூட்டமே செல்லாது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கும் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். அக்டோபர் 2 கூட்டத்திலிருந்தே அடுத்த வருடத்துக்கான பேச்சு தொடங்கிவிடும். ஒன்றே ஒன்று கேளுங்கள்: "திட்டத்துல எங்க தெருவுக்கு என்ன எழுதியிருக்கு? எந்தப் பக்கத்துல?" சொன்னதைத் தீர்மான நோட்டில் ஏற்றி, வாசித்துக் காட்டச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் யார் கேட்டாலும் போடாதீர்கள்.

காலனித் தெரு அக்கா அடுத்த வருடமும் வந்திருந்தார். அந்த முறை திட்டத்தில் 'மோட்டார், மின்சாதனப் பராமரிப்பு, 60,000 ரூபாய்' என்ற வரியைச் செயலர் வாசித்ததும், "இன்னொரு தடவ படி தம்பி" என்றார். அவர் இன்னொரு தடவை படித்தார்.